முப்பத்தோராவது சட்டை வால்

அந்த வேட்டைக் குடிசையின் மேற்குச் சுவரில் முப்பத்தொரு துணித் துண்டுகள் ஆணியடித்துத் தொங்கின. ஆறு குடும்பங்களுக்குப் பொதுவான குடிசை அது. மானை எய்து தவறவிட்டவனை நிற்க வைத்து, சட்டையின் பின்நுனியைக் கத்தரியால் வெட்டி, அதில் பெயரும் தேதியும் காரணமும் எழுதிச் சுவரில் அறைவது அங்கே வழக்கம். சட்டை வால் என்பார்கள். காரணம் எழுதும் இடத்தில் ஏறக்குறைய எல்லாத் துணியிலும் ஒரே சொல்தான் இருந்தது: நடுக்கம்.

கொம்புமான் எதிரே வந்து நின்றதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை ஆடும், அம்பு தப்பும். அமெரிக்காவின் சூப்பீரியர் ஏரிக்குத் தெற்கே காட்டில் வாழ்கிற எவரும் மறுக்காத உண்மை இது. யாரும் மறுக்காததால் யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

முப்பத்தோராவது துண்டு நீலக் கட்டம் போட்ட கம்பளித் துணி. அந்தச் சுவரில் ஒரு பெண்ணின் சட்டை ஏறியது அதுதான் முதல் தடவை. அதில் ஆர்லிஸ் கோர்ப்பி என்று எழுதியிருந்தது.

ஆர்லிஸுக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஐந்தரைக்கு வண்டியைக் கிளப்பினால் எட்டேகாலுக்கு ஒரு நடை முடியும். அடுத்த நடை மதியம் இரண்டரைக்கு. பனிச்சறுக்கலில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு பேருந்தை ஓட்டி இருபத்திரண்டு வருடமாக ஒரு கீறலும் விழாமல் வீடு சேர்த்த கை அவளுடையது. அப்பா இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது அவரிடம் மிஞ்சியது கெட்டுப்போன நுரையீரலும் அந்தக் குடிசையில் ஆறில் ஒரு பங்கும்தான். இரண்டு மகள்களில் மூத்தவள் காட்டுக்குப் போகிறவள் என்று பங்கை அவள் பேருக்கு எழுதி வைத்தார். தேவதாருச் சதுப்பின் ஓரத்தில், மானுக்குக் காத்திருக்க மரத்தில் கட்டிய பரணும் அந்தப் பங்கோடு சேர்ந்து வந்தது. மற்ற ஐந்து பேரும் எதிர்க்கவில்லை. பரண் நல்ல பரண் என்பதை மட்டும் அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

போன அக்டோபரில் நடந்தது இதுதான். இருபத்திரண்டு கஜத்தில் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் பக்கவாட்டில் நின்றது. அவள் எய்தாள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் படவேண்டிய அம்பு ஒரு சாண் தள்ளி வயிற்றில் பட்டது. இரண்டு நாள் சதுப்பில் முழங்கால் சேற்றில் இரத்தத் துளிகளைத் தேடி நடந்தாள். ஒடிந்த அம்பும் ஒரு கொத்து மயிரும்தான் கிடைத்தன. மான் எங்கேயோ படுத்து மெல்ல மெல்லச் செத்திருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

சட்டை வாலை வெட்டியவர் வெய்னோ. எழுபத்திரண்டு வயதில் குடிசைக்கு மூத்தவர் அவர்தான். மூன்று வருடத்தில் இரண்டு மானைக் காயப்படுத்தித் தொலைத்த லெஸ்டருக்கு வெட்டியபோது கைதட்டிச் சிரித்து பீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ஆர்லிஸுக்கு வெட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. லெஸ்டர் மட்டும், "ஆர்லிஸ், உன் பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு. கைக்கு இல்லையா?" என்றான்.

அதற்குப் பிறகு டுவேன் தொண்டையைச் செருமினான். ஆர்லிஸின் தங்கை கணவன் அவன், குடிசையின் இன்னொரு பங்குக்காரன். ஆர்லிஸின் வில்லைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அம்பும் குறிபார்க்கிற நோக்கியும் மாட்டிச் சரிசெய்தவனும் அவனே. கை உறுதியில்லாதவர்கள் சதுப்புப் பரணில் உட்காருவது மானுக்குச் செய்கிற பாவம் என்றான். தன் மருமகனுக்கு அந்தப் பரணைக் கொடுக்கலாம் என்றும், ஆகஸ்டில் விறகு வெட்டக் கூடும்போது கைதூக்கி முடிவு செய்யலாம் என்றும் சொன்னான். பாவம் என்ற சொல் லெஸ்டரின் இரண்டு மான்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

குளிர்காலம் முழுக்க ஆர்லிஸும் அதை நம்பினாள். ஆணியில் தொங்குகிற வில்லைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரலில் பனி உருகியதும் இரண்டு நடைகளுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக் குழிக்கு வில்லை எடுத்துப் போனாள். அம்பு எய்து பழகுகிற நுரைக் கட்டியை நிறுத்தி இருபது கஜத்திலிருந்து ஆறு அம்பு விட்டாள். ஆறும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. அவை பயிற்சி முனை போட்ட அம்புகள். உருண்டையாக, துப்பாக்கிக் குண்டு போல இருக்கிற முனை அது. வேட்டைக்குப் போகும்போது அதைக் கழற்றிவிட்டு மூன்று சவர அலகு வைத்த கத்தி முனையைத் திருகுவார்கள். கத்தி முனை நுரைக் கட்டியைக் கிழித்துவிடும், கூரும் மழுங்கும், விலையும் அதிகம். அதனால் கோடை முழுக்கப் பயிற்சி முனையில் எய்துவிட்டு, அக்டோபர் முதல் தேதி கத்தி முனையை மாட்டிக்கொண்டு நேரே காட்டுக்குப் போவதுதான் அந்த வட்டாரத்தின் பழக்கம். எடை ஒன்றுதானே, ஒரே மாதிரிதானே போகும் என்பார்கள்.

மான்மேல் விட்டது கத்தி முனைதான் என்பதால் ஆர்லிஸ் அதையும் திருகி எய்தாள். அம்பு ஒரு சாண் இடது பக்கம் போய்க் குத்தியது. கை ஆடியிருக்கும் என்று நினைத்து மூச்சை அடக்கி இன்னொன்று விட்டாள். முதல் அம்பின் பக்கத்திலேயே அதுவும் குத்தியது. மூன்றாவதும் அங்கேயே.

சரளை மேல் உட்கார்ந்து அந்த மூன்று அம்புகளையும் வெகுநேரம் பார்த்தாள். நடுங்குகிற கை அம்பைச் சிதறடிக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, புதருக்குள் ஒன்று என்று போகும். மூன்று அம்பையும் ஒரே தப்பான இடத்தில் கொண்டுபோய் அடுக்கி வைக்க எந்த நடுக்கத்தாலும் முடியாது. குற்றம் வில்லில் இருக்கிறது, அல்லது அம்பில் இருக்கிறது. அங்கே இருந்தால் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

நாற்பது மைல் தள்ளியிருந்த வில் கடைக்குப் போனாள். விற்பனையாள் விஷயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே, பெண்களுக்கென்று வந்திருக்கிறது என்று ரோஜா நிற வில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் தன் வில்லுக்குரிய கையேட்டையும் அம்புத் தண்டின் விறைப்பு அட்டவணையையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள். நிறுத்தி வைத்த பேருந்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே இரண்டையும் படித்து முடித்தாள்.

தவறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டுவேன் தன் கையை அளவாக வைத்து வில்லைப் பொருத்தியிருந்தான். நாணைப் பின்னால் இழுக்கிற நீளம் அவளுக்கு ஒரு அங்குலம் அதிகம். அதனால் நாண் மூக்கில் அழுந்தியது, அவள் முதுகைப் பின்னால் வளைத்து எய்தாள். வில்லின் நுனிச் சக்கரத்தில் இருக்கிற வளையத்தைத் திருப்பி நீளத்தைக் குறைத்தாள். அறுபது பவுண்டு இழுவிசையை ஐம்பத்திரண்டாக இறக்கினாள். அம்புத் தண்டு அந்தக் கனமான முனைக்கு மிகவும் மெலிந்தது. நாண் உதைக்கும்போது நாணல் போல வளைந்தது. அட்டவணையைப் பார்த்து விறைப்பான தண்டுகள் ஆறு வாங்கினாள். வில்லின் பக்கத்தில் டுவேன் மாட்டியிருந்த, அம்புகளைச் செருகி வைக்கிற கூடு வில்லையே ஒரு பக்கம் சாய்த்தது, அதைக் கழற்றினாள். நோக்கியில் தூரத்துக்கு ஒன்றாக இருந்த ஐந்து குறிமுனைகளில் மூன்றை நீக்கினாள். சதுப்பில் முப்பது கஜத்துக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஐம்பது கஜக் குறி அங்கே எதற்கு?

பிறகு பழைய ஜன்னல் சட்டம் ஒன்றில் செய்தித்தாளை இறுக்கி ஒட்டி, இரண்டடி தள்ளி நின்று அதன் வழியாக எய்தாள். நேராகப் போகிற அம்பு தாளில் ஒரு ஓட்டையையும் அதைச் சுற்றி இறகுகளின் மூன்று கீறல்களையும் விடும். அவளுடையது பக்கவாட்டில் விரல் நீளம் கிழித்திருந்தது. அம்பு வால் ஆட்டிக்கொண்டே கிளம்புகிறது என்று அர்த்தம். பயிற்சி முனையில் அந்த ஆட்டத்தை இறகுகள் அடக்கிவிடும். கத்தி முனையில் அலகுகளே சிறகு போலக் காற்றைப் பிடித்து அம்பை வேறு வழியில் இழுத்துப் போய்விடும். அம்பைத் தாங்குகிற கம்பியை வலது பக்கம் ஒரு மயிரிழை தள்ளினாள். எய்தாள். கிழிசல் சுருங்கியது. மறுபடி ஒரு மயிரிழை. மே போய் ஜூன் வந்தது. ஜூலை நடுவில் கத்தி முனையும் பயிற்சி முனையும் ஒரே இடத்தில் குத்தத் தொடங்கின. நுரைக் கட்டி சல்லடையாகிப்போனது. இன்னொன்று வாங்கினாள்.

ஆகஸ்டில் ஆறு பேரும் விறகு வெட்டக் கூடினார்கள். மதியம் சுடச்சுட இறைச்சிப் பணியாரம் தின்று காப்பி குடித்தபிறகு, டுவேன் பரண் பேச்சை எடுத்தான். கைதூக்கலாமா என்று வெய்னோ எல்லாரையும் பார்த்தார்.

ஆர்லிஸ் எழுந்தாள். கைதூக்குவதற்கு முன்னால் எல்லாரும் வெளியே வந்து ஆளுக்கு இரண்டு அம்பு விடவேண்டும், காட்டுக்குக் கொண்டுபோகிற கத்தி முனையோடு விடவேண்டும் என்றாள்.

"புது முனை மழுங்கிடும்," என்றான் லெஸ்டர்.

"மழுங்கினா தீட்டிக்கலாம் லெஸ்டர். நீ தொலைச்ச ரெண்டு மானை எதை வெச்சுத் தீட்டுவ?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வெய்னோ தன் வில்லை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் போனபிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஒரு இலைகூட அசையவில்லை. இருபத்தைந்து கஜத்தில் நுரைக் கட்டி, அதற்குப் பின்னால் வெட்டிப் போட்ட மரத்தடிகளின் அடுக்கு. வெய்னோவின் முதல் அம்பு நடுவிலிருந்து ஒரு கை அகலம் வலது பக்கம் தள்ளிக் குத்தியது. இரண்டாவதும் அதன் பக்கத்தில். அவர் வில்லை இறக்கிவிட்டு அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

டுவேனின் அம்பு கட்டியின் இடது ஓரத்தைத் தாண்டி மரத்தடியில் சொத்தென்று இறங்கியது.

"நடுக்கமா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"எனக்கா? இருபது வருசமா எய்றேன்."

"அப்போ இன்னொண்ணு விடு."

அவன் விட்டான். அதே மரத்தடி. முதல் அம்புக்கும் இதற்கும் நடுவே மூன்று விரல்கூட இல்லை.

"கை ஆடுனா அம்பு சிதறும்," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டும் ஒரே தப்பான எடத்துல போய் நின்னா அது கை இல்ல. அது வில்லு. எனக்கு இந்த வில்லைப் பூட்டிக் குடுத்தவன் நீ. உன் வில்லையும் நீதான் பூட்டுன."

மற்ற மூவரும் எய்து முடித்தபிறகு அவள் கோட்டில் நின்றாள். முதல் அம்பு நடுக்குறியில் குத்தியது. இரண்டாவது அதற்கு இரண்டு விரல் மேலே.

"அந்த ரெண்டு விரல் என் கை," என்றாள். "அதை நான் ஒத்துக்கறேன்."

வெய்னோ பெருமூச்சு விட்டார். பரண் இருக்கிறபடியே இருக்கட்டும், பேச்சை இதோடு விடுவோம் என்றார். ஆர்லிஸ் விடவில்லை. அப்பா கொடுத்த பரணை இவர்கள் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கைதூக்கியே முடிவாகட்டும் என்றாள். கூடவே இன்னொன்றுக்கும் கைதூக்க வேண்டும்: செப்டம்பருக்குள் கத்தி முனையில் எய்து காட்டாதவர் எவரும், மூத்தவரானாலும், அந்த வருடம் எந்தப் பரணிலும் ஏறக்கூடாது. நாம் சோதிக்காமல் விட்டதற்கு மான் வயிற்றில் அம்போடு அலையவேண்டுமா என்று கேட்டாள்.

இரண்டுக்கும் ஐந்து கைகள் உயர்ந்தன. டுவேன் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

உள்ளே போய், சுவரில் இருந்த நீலக் கட்டத் துணியின் முன் நின்றாள். லெஸ்டர் அதைப் பிய்த்துப் போட்டுவிடச் சொன்னான். அவள் தலையாட்டி மறுத்தாள். காரணம் எதுவானாலும் அந்த மான் செத்தது செத்ததுதான். பேனாவை எடுத்து 'நடுக்கம்' என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, கீழே 'சோதிக்காத முனை' என்று எழுதினாள்.

வெய்னோ பின்னால் வந்து நின்றிருந்தார். வரிசையின் தொடக்கத்தில், வெளுத்துப்போன சிவப்புத் துணியில் அவர் பெயர் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் பேனா இன்னும் எழுதுதா?" என்றார்.

பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். டுவேன் மரத்தடி முன் மண்டியிட்டு, மடக்குக் கத்தியால் தன் முனைகளைத் தோண்டிக்கொண்டிருந்தான். ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது. ஆர்லிஸ் எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து தன் கத்தியை எடுத்தாள். இரண்டு பேரும் மரத்தைச் செதுக்கினார்கள். முனை வெளியே வந்தபோது ஒரு அலகு வளைந்திருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "அம்பைத் தாங்குற கம்பியை எந்தப் பக்கம் தள்ளணும்?"

"உனக்கு இடது பக்கம் போகுது. அதனால வலது பக்கம் தள்ளு. ஒரு மயிரிழைதான்," என்றாள். "தள்ளிட்டு மறுபடி எய்யி. நான் சொன்னேன்னு நம்பிடாத. எய்து பாரு."