கண்டக்டர் பாட்டு

கூடையைப் படியோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கண்டக்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நாறுது. எறங்கு."

"துணி போட்டு மூடிதான் வெச்சிருக்கேன் சார். லக்கேஜுக்குத் தனியா டிக்கெட் போட்டுக்கோ."

"எறங்குன்னா எறங்கு. சனங்க குந்தவாணாமா?"

அவரே குனிந்து கூடையைக் காலால் தள்ளினார். அலுமினியக் கூடை படியில் உருண்டு, மடவை மீன்கள் மண்ணில் விழுந்தன. முன் சீட்டில் ஒருத்தர் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் அடித்தார் கண்டக்டர். பஸ் பொன்னேரிக்குப் போய்விட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து மீன் பொறுக்கினேன்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் எங்கள் குப்பம். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். நான் விடியற்காலையில் படகேறி ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பேன். எட்டாங்கிளாஸ் வரை படித்திருந்ததால் குப்பத்துக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் நான்தான். பாட்டுக் கட்டுவது என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியாது. நடக்கும்போது வாயில் எதையாவது முனகிக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பொன்னேரி போக முடியாததால் பழவேற்காட்டுத் தெருக்களிலேயே விற்கப் போனேன். கோபத்தில் 'மீனே மீனு' என்று கூவக்கூட வாய் வரவில்லை. வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் தெருவில் வழக்கமாக மீன் வாங்கும் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அவர் வீட்டுக்காரர் சவுதியில் வேலை பார்த்தார். பெரிய பழைய வீட்டில் அவரும் மாமியாரும்தான். நான் வாசலில் கூடையை இறக்கியபோது அந்த அக்கா உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் ஆள் யாருமில்லை. எதிரில் ஒரு டேப் ரெக்கார்டர்.

"கேசட்ல கடுதாசி அனுப்புறேன். அவரும் அப்படித்தான் அனுப்புவாரு" என்று சிரித்தபடி வந்தவர், "இன்னாம்மா முனகிகினு வந்த? இன்னொரு வாட்டி பாடு" என்றார்.

"அது பாட்டு இல்லக்கா. வயித்தெரிச்சல்."

"எதுவோ ஒண்ணு. பாடு."

பாடினேன்.

நாறுதுன்னு எறக்கிவுட்டியே கண்டக்டரு – உன்
சோத்துக்குள்ள நீந்துறது இன்னா கண்டக்டரு?

அந்த அக்கா மீனை மறந்துவிட்டார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ரெக்கார்டர் முன்னால் உட்காரவைத்தார். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். "இப்ப பாடு." பாடி முடித்ததும் கேசட்டைத் திருப்பி ஓட்டினார். அதிலிருந்து வந்த குரலைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காக்காய் கத்துவது போல இருந்தது. ஆனால் அந்தக் காக்காய் கொஞ்சமும் பயப்படவில்லை என்று தோன்றியது. நேரில் நான் அந்தக் கண்டக்டரிடம் 'சார், சார்' என்றுதான் கெஞ்சியிருந்தேன்.

"நாளைக்கும் வா" என்றார் அந்த அக்கா.

மறுநாள் போனபோது அவர் பரணிலிருந்து ஒரு புல்புல்தாராவை இறக்கித் துடைத்து வைத்திருந்தார். டைப் மிஷின் போலக் கட்டைகளை அழுத்தி, இன்னொரு கையால் கம்பிகளை மீட்டுகிற வாத்தியம். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பாவிடம் கற்றுக்கொண்டதாம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு தொட்டதில்லை. இரண்டு கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. சைக்கிள் கடையில் பழைய பிரேக் ஒயர் வாங்கி, அதிலிருந்து இரண்டு இழையைப் பிரித்துக் கட்டினோம். என் இரண்டு வரிக்கு அவர் ஒரு மெட்டுப் போட்டார். நான் இழுத்துப் பாடியதை அவர் வெட்டி வெட்டி, நடக்கிற நடையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அது பாட்டானது.

மாமியாரை நினைத்து எனக்கு உதறல். மூன்றாம் நாள் அந்த அம்மா கதவருகே வந்து நின்றார். நாங்கள் சட்டென்று பாட்டை நிறுத்தினோம். அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "பாடுறதுன்னா நல்லாப் பாடுங்க. இல்லன்னா கதவ சாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அனுமதியா வசவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அனுமதி என்றே வைத்துக்கொண்டோம்.

தாளத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. என் சின்னம்மாவைக் கூட்டிப்போனேன். அவரும் மீன் விற்பவர்தான். சித்தப்பா கடலோடு போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷமும் எந்த விசேஷத்திலும் முன்வரிசையில் நிற்காதவர். பவுடர் டப்பாவில் மட்டி ஓடுகளைப் போட்டு மூடிக் குலுக்குவார். இன்னொரு கையால் கவிழ்த்த கூடையில் தட்டுவார். தட்ட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பாட்டு முடிந்தபிறகும் கூடை மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

"அந்த ஆளப் போயி கண்டக்டருன்னு இன்னாத்துக்கு மரியாத குடுக்குற?" என்று கேட்டார் சின்னம்மா.

"மரியாதையா கேட்டாதான் சின்னம்மா சுருக்குனு குத்தும்."

அந்த அக்கா யோசித்து யோசித்து இரண்டாவது அடியைச் சொன்னார்.

மல்லிப்பூவு கூடைக்குன்னா மடியில எடம் – எங்க
மடவ மீனு கூடைக்குன்னா மண்ணுல எடமா?

மதியத் தொழுகை முடிந்து தெரு அடங்கிய நேரத்தில் பதிவு செய்வோம். கரண்ட் போகும். போனால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆடு கத்தும். யாராவது கதவைத் தட்டுவார்கள். ஒருமுறை முழுப்பாட்டும் பிசகில்லாமல் வந்தது; கடைசி வரியில் சின்னம்மா, "அப்பாடா, வந்துட்ச்சி!" என்று கத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து. புல்புல்தாரா பக்கத்தில் இருந்தால் என் குரல் அமுங்கியது, தள்ளி வைத்தால் அது காணாமல் போனது. அந்த அக்கா பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு ரெக்கார்டர் இரவல் வாங்கிவந்தார். முதலில் தாளத்தையும் வாத்தியத்தையும் ஒன்றில் பதிந்துகொண்டோம். அதை ஓடவிட்டு, கூடவே நான் பாட, இரண்டையும் மற்றதில் பிடித்தோம். பிறகு அதை ஓடவிட்டு மூன்று பேரும் பின்பாட்டுப் பாடினோம். ஒவ்வொரு தடவையும் தூறல் மாதிரி ஒரு இரைச்சல் ஏறியது. ஆனாலும் மூன்று பெண்களின் குரல் ஆறு பெண்களின் குரலாகக் கேட்டது. சின்னம்மா பவுடர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்தக் கேசட்டைச் சின்னம்மாதான் வெளியே கொண்டுபோனார். குப்பத்தில் ஒரு காதுகுத்து. மைக்செட்காரரிடம், "எங்க பாட்டு, போடுப்பா" என்று நீட்டியிருக்கிறார். கூம்பு ஸ்பீக்கரில் என் குரல் ஏரியைத் தாண்டிப் பசியாவரம் வரை போனது. மைக்செட்காரர் எங்களைக் கேட்காமலே ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். பத்து நாளில் பழவேற்காட்டு டீக்கடையில் அந்தப் பாட்டு. பிறகு பொன்னேரி மார்க்கெட்டில். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த பையன்கள் பாடினார்களாம். கண்டக்டர் டிக்கெட் கேட்டால், "சோத்துக்குள்ள இன்னா கண்டக்டரு?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ கேட்பார்கள்.

அந்தக் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஆள் அனுப்பினார். மன்னிப்புக் கேட்காவிட்டால் குப்பத்து ஆட்கள் யாரையும் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயிலெதிரே ஊர் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். நானும் சின்னம்மாவும் நின்றோம்.

"பொம்பள பாட்டு ஊரு ஊரா ஓடுது. இது நம்ம ஊருக்கு மரியாதையா?" என்றார் ஊர்த் தலைவர். "கேசட்ட ஒடச்சிப் போட்டுட்டு அந்தக் கண்டக்டராண்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடு. விசயம் முடிஞ்சிபோவும்."

"எந்த வரி தப்புன்னு சொல்லு பெரியப்பா" என்றேன். உறவு முறையில் அவர் எனக்குப் பெரியப்பா. "எறக்கிவுட்டான்னு பாடுனேன். எறக்கிவுட்டான். மீனு மண்ணுல வுழுந்திச்சின்னு பாடுனேன். வுழுந்திச்சி. பொய்யா ஒரு வரி இருந்தா இங்கயே கேசட்ட ஒடைக்கிறேன்."

"எதுத்துப் பேசாத."

"ஒன் வீட்ல பெரியம்மாவக்கூட ரெண்டு வாட்டி எறக்கிவுட்டான். அது ஒனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியம்மா சொல்லவே இல்லை போலிருக்கிறது. எங்களில் பல பேர் வீட்டில் அதைச் சொல்வதில்லை. கோபம் இரட்டிப்பாகி அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா சொல்ற? ஒன் பொண்டாட்டிதானே?"

என் வீட்டுக்காரர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர். எழுந்து நின்று வேட்டியைக் கட்டிக்கொண்டார். "பாட்டு நல்லாதான் கீது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்கும்வரை எங்கள் வீட்டோடும் சின்னம்மா வீட்டோடும் யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, வலை இழுக்கக் கைகொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். மன்னிப்பு மட்டும் என் வாயிலிருந்து வராது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நானும் சின்னம்மாவும் என்றுதான் நினைத்திருந்தேன். படகிலிருந்து இறங்கும்போது பார்த்தால் பின்னாடியே இன்னொரு படகு, அதில் குப்பத்துப் பெண்கள் ஒன்பது பேர். முதல் ஆளாக இறங்கியவர் ஊர்த் தலைவர் வீட்டுப் பெரியம்மா. "பேசக் கூடாதுன்னுதான் சொன்னாங்க" என்றார், என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டே. "பாடக் கூடாதுன்னு சொல்லலியே."

அதே பஸ், அதே கண்டக்டர். நாங்கள் ஏறவில்லை. முன்சக்கரத்துக்கு நேரே கூடைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தோம். சின்னம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோருக்கும் முன்னால் நின்று தட்டினார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"போலீஸக் கூப்புடுவேன்!" என்று கத்தினார் கண்டக்டர்.

"கூப்புடு" என்றார் சின்னம்மா. "அவரு ஊட்லயும் மீன் கொழம்புதான்."

பாட்டை நான்கு தடவை பாடினோம். ஐந்தாவது ஆரம்பிக்கும்போது பஸ்ஸுக்குள் இருந்தவர்களே, "ஏத்திக்கோய்யா, வேலைக்கு நேரமாவுது" என்று கத்தினார்கள். கண்டக்டர் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், "பின்னாடி வை. தண்ணி ஒழுவக் கூடாது" என்றார். ஏறினோம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸில் பின்பக்கம் எங்கள் கூடைகளுக்கு இடம் இருந்தது. மற்றப் பஸ்களில் அவ்வப்போது இறக்கிவிடத்தான் செய்தார்கள். அங்கேயும் பாடினோம்.

ஊரில் ஏழு மாதம் ஆண்கள் எங்களோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் தனியாகக் கட்டுமரம் தள்ளினார். நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினேன். ஒருநாள்கூட அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. மடவை கூட்டமாக வந்த சமயத்தில் வலை இழுக்க ஆள் போதவில்லை. "டேய், வாடா" என்று தலைவரே கூப்பிட்டார். தீர்ப்பு அப்படிக் காணாமல் போயிற்று. யாரும் அதை ரத்து செய்ததாக எனக்கு நினைவில்லை.

எங்களில் யாருக்குமே அந்த அக்கா அளவுக்குச் சங்கடமில்லை. சேதி சவுதி வரை போய்விட்டது. அவர் வீட்டுக்காரர் அனுப்பிய கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க வசவு. என் பெண்சாதி வாசிக்கிறது கடைத்தெருவில் கேட்கிறதாம், நான் இங்கே தலை நிமிர முடியவில்லை, அந்த வாத்தியத்தைத் தூக்கிப் பரணில் போடு என்று. அந்த அக்கா எனக்கும் அதைப் போட்டுக் காட்டினார். முகம் வெளுத்திருந்தது. நான், "வுட்டுடலாம்க்கா. ஒன் குடும்பம்" என்றேன்.

"நீ பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று கேட்டார்.

அவர் ஒரு புதுக் கேசட்டைப் பிரித்தார். ரெக்கார்டரை அழுத்தினார். சலாம்கூடச் சொல்லவில்லை. புல்புல்தாராவை எடுத்து ஒரு பக்கம் தீரும்வரை வாசித்தார். முதலில் கண்டக்டர் பாட்டு, பிறகு அவருடைய அப்பா கற்றுக்கொடுத்தவை, பிறகு அன்றைக்கே அங்கேயே புதிதாக வந்த ஒன்று. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பக்கமும் இருக்குல்ல?" என்றார். அந்தப் பக்கத்திலும் வாசித்து, அப்படியே ஒட்டி அனுப்பினார்.

இரண்டு மாதம் பதில் இல்லை. வந்த கேசட்டில், அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, மழைக்கு முன்னால் கூரை ஓடு மாற்றியாயிற்றா என்று மட்டும் கேட்டிருந்தார். வாசிப்பைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அந்த அக்கா அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "சரி, அடுத்த பாட்டு இன்னா?" என்றார்.

அதற்குப் பிறகு எட்டுப் பாட்டுப் போட்டோம். மீன் விலையை அமுக்குகிற தரகரைப் பற்றி ஒன்று. தாலியறுத்தவள் ஏன் முன்னால் வரக் கூடாது என்று சின்னம்மாவே கட்டிய ஒன்று. அதைப் பாடியபோது பின்பாட்டுக்கு எங்களால் குரல் எடுக்க முடியவில்லை, அப்படியேதான் கேசட்டில் இருக்கிறது. கண்டக்டர் பாட்டுப் போல எதுவும் ஊர் ஊராக ஓடவில்லை. ஓடவேண்டும் என்று நாங்கள் போடவும் இல்லை.

சில வருஷம் கழித்து ஒருத்தர் பெரிய ரெக்கார்டரும் நோட்டுமாகக் குப்பத்துக்கு வந்தார். கடற்கரைப் பாட்டுகளைச் சேகரிக்கிறாராம். என்னைக் கண்டக்டர் பாட்டைப் பாடச்சொல்லிக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாருக்கும்மா. பரம்பரையா வாய்வழியா வர்ற பாட்டு. யார் கட்டுனதுன்னே தெரியாது" என்று எழுதிக்கொண்டார்.

"நிறுத்து சார்" என்றேன். "யார் சொன்னது தெரியாதுன்னு? வரி என்னுது. மெட்டு, ரெண்டாவது அடி, வாத்தியம் எல்லாம் பள்ளிவாசல் தெருவுல இருக்கற அக்காவுது. தாளம் தோ அங்க மீனு அரிஞ்சிகினு கீறாங்களே, அவங்குளுது. மூணு பேரு பேரும் சொல்றேன், எழுதிக்கோ."

அவர் பேனாவை மூடப் போனார். மூன்று பெயரையும் அவர் எழுதி முடிக்கும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.