மார்கழியில் வந்து நின்ற கார்

என் கணவர் முப்பது வருடமாக லண்டனில் வாகனம் ஓட்டியவர். தனக்காக ஒருநாளும் ஓட்டியதில்லை. முதலில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகும் வேன், பிறகு பஸ். வேலை இல்லாத நாட்களில் ஏழு பேர் ஏறக்கூடிய எங்கள் பெரிய கார். ஊரிலிருந்து யார் வந்திறங்கினாலும் விமான நிலையத்துக்குப் போவது அவர்தான். கலியாணம், செத்தவீடு, கோயில் தேர், யாரோ ஒருவரின் சோபா என்று எல்லாம் அந்தக் காரில்தான் போகும். குட்மேய்ஸில் எங்கள் வீட்டு மணியை அடிப்பவர்கள் "அண்ணை நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள். என்னைத் தேடி ஒருவரும் வந்ததாக ஞாபகம் இல்லை.

அவருடைய கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதைப் போன கோடையில்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண் வருத்தம் நடுப்பார்வையைத் தொடாது. ஓரங்களிலிருந்து கரையான் மாதிரி அரித்துக்கொண்டு வரும். இப்போதைக்கு வாகனம் ஓட்டலாம், ஆனால் தை மாதத் தொடக்கத்தில் திரும்பச் சோதிக்கும்போது பார்வை இன்னும் குறைந்திருந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றார் டொக்டர். அந்தப் பெண் டொக்டர் சொன்னது ஜனவரி முதல் கிழமையை; ஜனவரியை நாங்கள் பேச்சில் தை என்போம். ஆனால் தமிழ்க் கலண்டரில் அது இன்னும் மார்கழிதான். அப்போது அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, இரவு சாப்பிடும்போது என் கணவர் போனை என் பக்கம் திருப்பினார். ஒரு சின்னப் பச்சைக் கார். துணியால் கூரை, மடித்து வைக்கலாம். நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் போல இருந்தது.

"யப்பானில ஏலத்துக்கு நிக்குது. பழசுதான். ஆனா துரு இல்லை. அங்கையும் எங்களைப் போல வலப்பக்க ஸ்டியரிங்."

"ரெண்டு சீட்தானே இருக்கு?"

"ஓம். ஒருத்தரையும் ஏத்தேலாது. அதுதான் எனக்கு வேணும்."

கண் போகப்போகிற நேரத்தில் கார் வாங்குகிற மனிதனைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் இந்த முப்பது வருடத்தில் அவர் "எனக்கு வேணும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் மச்சாள், அவருடைய அக்கா, விஷயம் கேள்விப்பட்டு உடனே போன் எடுத்தார். "ரெண்டு சீட்டோ? அப்ப நான் எங்க இருக்கிறது?"

"நீங்கள் ரெயினில வாங்கோ மச்சாள்," என்றேன். அதன்பிறகு கொஞ்ச நாள் அவரிடமிருந்து போன் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

கார்களை இறக்குமதி செய்யும் ஒரு தமிழர்தான் எங்களுக்காக ஏலம் கேட்டார். வாங்குவதற்கு முன் யப்பானிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் காரின் படத்தை வரைந்து, எங்கே கீறல், எங்கே நெளிவு என்று ஒன்று விடாமல் குறித்திருந்தார்கள். என் கணவர் அதை விளக்குக்குக் கீழே பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு கீறலாகப் பார்த்தார்.

"உங்களைக் கலியாணம் கட்டேக்க எனக்கு ஒருத்தரும் இப்பிடி ஒரு பேப்பர் தரேல்லை," என்றேன். வைத்தியசாலைக்குப் போய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கார் கப்பல் ஏறியது. அவர் விடியத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து போனில் கப்பலைத் தேடுவார். கார்த்திகைக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கப்பல் குறுக்கு வழியை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்துக்கு வந்த பிறகு சுங்கம். அதற்குப் பிறகு கராஜ்: இந்த நாட்டுச் சட்டப்படி பின்பக்கம் ஒரு பனிமூட்ட விளக்கு பூட்ட வேண்டும், கிலோமீட்டர் காட்டும் முள்ளை மைலுக்கு மாற்ற வேண்டும், நம்பர் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து லொறியில் ஏற்றி வந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது மார்கழி பிறந்திருந்தது.

"நாளைக்கு எங்க போறீங்கள்? கடற்கரைக்கோ?" என்று கேட்டேன்.

"தை பிறக்கட்டும்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மார்கழியில் எங்கள் ஆட்கள் புதிதாக ஒன்றையும் தொடங்கமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் இவர் ராகு காலம் பார்த்து ஒருநாளும் பஸ் எடுத்தவரில்லை. எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோது நாள் பார்க்கச் சொன்ன அக்காவையே பகிடி பண்ணிச் சிரித்தவர். அவருக்கு எங்கிருந்து வந்தது மார்கழி?

"சோதனை தைக்கு முன்னம் வருது," என்றேன். "அதுக்கு முதல் ஒருக்கா எண்டாலும் காரை ஓடுங்கோ. சாமி ஒண்டும் சொல்லாது."

"மார்கழியில தொடங்கி, பிறகு கண் பழுதாப் போச்செண்டா என்னத்தைச் சொல்லி மனம் ஆறுறது?" அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "எல்லாம் சரியாச் செய்தா சரியா வரும். தை பிறந்தா வழி பிறக்கும்."

அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது. பயந்த மனிதனோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது? ஆனாலும் பிடித்தேன். ஒவ்வொரு நாளும் பிடித்தேன். நானே எடுத்து ஓட்டிக் காட்டியிருப்பேன், ஆனால் என்னுடையது கியர் மாற்றத் தேவையில்லாத காருக்கு மட்டுமான லைசென்ஸ். அந்தப் பச்சைக் காரை என்னால் கழுவத்தான் முடிந்தது.

அவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவும் மாட்டார். அதுவும் தொடக்கம்தானாம். பின்னேரங்களில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் அதற்குள் சும்மா உட்கார்ந்திருப்பார். சமைத்துக்கொண்டே குசினி ஜன்னலால் பார்த்தால் கை கியரில் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி இருந்தேன். என்னை இறங்கச் சொல்லவில்லை.

சோதனை நாளில் அவரை ஒரு இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள். முகத்தை நீட்டி நாடியை அதில் ஊன்றி, எங்கேயாவது வெளிச்சப் புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமத்த வேண்டும். நான் திரைக்கு வெளியே இருந்தேன். டிக், டிக் என்று கேட்டது. பிறகு சத்தமில்லை. திரும்பவும் ஒரு டிக். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அந்த அமைதிக்குள்ளும் புள்ளிகள் மின்னிக்கொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அமத்துங்கோ, சும்மாவாவது அமத்துங்கோ என்று மனதுக்குள் கத்தினேன்.

டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். இவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இன்றையிலிருந்தேவா?" ஓம், இன்றையிலிருந்தே. வெளியே வந்ததும் பெரிய காரின் திறப்பை ஜாக்கெட்டிலிருந்து எடுத்து என்னிடம் தந்துவிட்டு மற்றப் பக்கம் போய் ஏறினார். வழியெல்லாம் மார்கழி மாதத்தையும் அதைக் கண்டுபிடித்தவனையும் நான் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் பெல்ட்டைப் பிடித்தபடி இருந்தார்.

தைப்பொங்கல் அன்று மச்சாள் ரெயினில் வந்தார். கையில் தேங்காயும், நாங்கள் தேசிக்காய் என்கிற எலுமிச்சையும். பொங்கிப் படைத்து முடிந்ததும், வெளியே போய்க் குனிந்து, பச்சைக் காரின் நாலு சில்லுக்கு முன்னாலும் நாலு தேசிக்காயை வைத்தார். அந்த முழங்காலோடு அவர் குனிந்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது. நான் பெரிய காரை எடுத்து வீதியில் தள்ளி விட்டு இடம் பண்ணினேன்.

"தம்பி, ஏறு," என்றார் மச்சாள். "இது உன்ரை வாசல். இதுக்குள்ள ஓட ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

என் கணவர் தேங்காயை உடைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அந்த எஞ்சினின் சத்தத்தை முதல்முதலாகக் கேட்டேன். மெல்லிய, சுத்தமான சத்தம். கார் அசைந்தது. நாலு தேசிக்காயும் நசிந்து சாறு தெறித்தது. ஒரு பாய் நீளம் வந்து, எங்கள் நிலம் முடிந்து நடைபாதை தொடங்குகிற இடத்தில் அச்சொட்டாக நின்றது. முன்னால் வீதி வெறுமையாகக் கிடந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யப்பானிலிருந்து இவ்வளவு கடல் தாண்டி வந்தது இந்த ஒரு பாய் நீளத்துக்கா?

எஞ்சினை நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. நான் பின்னால் நின்று கை காட்ட, மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார். கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், இன்னும் தேசிக்காய் கிடக்கோ?"

"கிடக்கு," என்றேன். உள்ளே ஓடிப்போய்க் குளிர்பெட்டியில் இருந்ததைப் பையோடு எடுத்து வந்தேன்.