மூன்றாம் மேசையில் குங்குமம்

“விளையாட்டு மிஷின், ஐந்து எண்ணம். நிலை: ஓடாது. திருப்பித் தரத்தக்கது.”

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டின் கேட் பதிவேட்டில், புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு நேரே உள்ள வரி இது. பக்கத்துத் தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. ஷெட்டின் சாவியும் பதிவேடும் எங்களிடம் இருந்ததால், எழுதியவன் நான்தான்.

வந்தவை பின்பால் மேசைகள். கண்ணாடி மூடிய சாய்வு மேசைக்குள் எஃகுக் குண்டு உருண்டு இறங்கும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் சிறு துடுப்பு அதை மேலே திருப்பி அடிக்கும். ஆளில்லாத ஷெட்டில் ஐந்து மேசைகள் தாமாகவே ஆடுவதாக ஒரு படம் எடுத்தார்கள். தியேட்டரில் வந்த சுவடே தெரியாமல் போன படம். பிறகு இணையத்தில் அதற்கென்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் துணுக்குச் செய்தி எழுதுகிறவர்கள். அவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு மட்டும் தெரிந்தவை சில இருந்தன. மேசைகளோடு வந்த குண்டுகள் துருப்பிடித்திருந்ததால் படத்தில் உருள்பவை எங்கள் ஸ்டோர்ஸ் பேரிங் குண்டுகள். மேசைகளில் இருக்கும் சந்தனம் குங்குமத்தை நெற்றிக்கண் என்றும் பலியின் அடையாளம் என்றும் எழுதிக் குவித்தார்கள். அது ஆயுத பூசை, அவ்வளவுதான். படப்பிடிப்பின் இரண்டாவது வாரம் வியாழக்கிழமை பூசை வந்தது. தகடு வெட்டும் எங்கள் பிரஸ் ஷாப்பில் பூசை முடிந்ததும், “மிஷின்னு வந்தாச்சு, பொட்டில்லாம நிக்க வுடலாமா?” என்று மேஸ்திரி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போனார். இயக்குநரும் மறுக்கவில்லை. இதை நான் எழுதியபோது கூட்டத்தில் எனக்குப் பெரிய மரியாதை.

எனக்கும் விளங்காமல் மிச்சம் இருந்தது ஒரு கை. மூன்றாம் மேசை படத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. குண்டு மெதுவாக இறங்குகிறது. இடப்பக்கமிருந்து ஒரு கை நுழைகிறது. ஆட்காட்டி விரலுக்கு நுனி இல்லை. குண்டு குழியில் விழுந்து மறைந்த பிறகு அந்தக் கை பொத்தானை அழுத்துகிறது, நிதானமாக, இரண்டு முறை. ஆளின் முகம் வருவதே இல்லை.

எங்கள் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஒருவருக்கு அப்படிக் கை உண்டு. விடுமுறை நாட்களில் பழவேற்காடு ஏரியில் தம்பியின் படகை எடுத்துக்கொண்டு போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனார். படகு முகத்துவாரத்தின் பக்கம் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் மனைவி இப்போது பேட்டையிலேயே ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். துணுக்கு ஒன்றை உறுதி செய்துகொள்ளலாம் என்று போன ஆடி மாதம் அவரைத் தேடிப் போனேன். வேறு நினைப்பு எனக்கு இல்லை.

கை ஈரமாக இருந்ததால் போனை நானே பிடித்துக் காட்டினேன்.

“அவர் கைதாண்ணே. நடுவிரலால அமுக்கறாரு பாருங்க. பீடி புடிக்கிறதும் அப்படித்தான்” என்றார். “சினிமால நடிச்சேன்னு ஊட்ல ஒரு வார்த்த சொன்னாரா பாருங்க, கல்லுளிமங்கன்!” சிரித்தார். பிறகு, “மிஷினுக்கு இன்னாத்துக்குண்ணே பொட்டு?”

சொன்னேன். மேஸ்திரி தட்டைத் தூக்கிப் போனதை நடித்தே காட்டினேன். பாதியில் அவர் குழாயை மூடினார்.

“பூச வியாழக்கிழம. அவர் போனது அதுக்கு மின்ன ஞாயித்துக்கிழமண்ணே.”

அந்த இரண்டு தேதிகளும் என் குறிப்பேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. நான் அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

“இந்தப் பேட்டையில விரல் நுனி இல்லாத கை நெறைய இருக்கும்மா” என்றேன்.

“இப்ப அப்படிச் சொல்றீங்க. வரும்போது அவர் கைதானேன்னு கேட்டுக்கினே வந்தீங்களே.”

அவரே தொடர்ந்தார்: “மாளய அமாவாசைக்கு ஊட்ல அவர் படத்துக்கு மாலை போட்டுடணும்னு கொழுந்தனாரு நிக்கிறாரு. போன வருஷம் நாந்தான் வோணான்னேன். பொட்டு வெச்சிக்கினு யாருக்குக் காத்துக்கினு கீறன்னு ஊரே கேக்குது. உசுரோட கீற ஆளுக்கு மாலை போடலாமா? எங்கள வுட்டுட்டே போயிருந்தாலும் பரவால்ல. அந்தக் கைய எடுத்தது எந்த நாளுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. எல்லாத்துக்கும் தேதி வெச்சிருக்கறவரு நீங்கதானே.”

பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் ஆபரேட்டர் கடைசியாக இருப்பது அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. படத்தில் முதல் வாரம் எடுத்த காட்சிகளில் மற்ற நான்கு மேசைகளுக்கும் பொட்டு இல்லை. மூன்றாம் மேசையிலோ குங்குமம் காயாமல் ஒரு கோடாக வழிந்திருக்கிறது. காட்சி எடுத்த அன்றே வைத்த பொட்டு. ஆகவே வியாழக்கிழமை என்றுதான் என் கணக்கு சொன்னது. வீட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டினேன் என்று குறித்து வைக்கவில்லை. குறிக்காமல் விட்டது எனக்கு வழக்கமில்லாத ஒன்று.

மேசைகளுக்குள் பல்புகளைப் பொருத்தி எரியவைத்த லைட்மேன் மீஞ்சூரில் இருப்பதைக் கண்டுபிடித்துப் போனேன்.

“மொத நாளே நாங்களும் பூச போட்டோம் சார். கேமராவுக்குப் பொட்டு வெச்சோம்.”

“மேசைக்கு?”

“ஏதோ ஒண்ணுக்கு வெச்சிருப்போம். இன்னா சார், போலீசு மாரி கேக்குற?”

முதல் நாள் என்றால் மேசைகள் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர் ஏரிக்குப் போவதற்கு முன்பு. அன்று ஆபரேட்டருக்கு முதல் ஷிப்ட், சாயங்காலம் வந்திருக்கலாம். எனக்கு மூச்சு வந்தது. போனில் அந்தக் கையைக் காட்டி, நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“யாரோ கம்பெனி ஆளு. பேசவே இல்ல. நாந்தான் கையப் புடிச்சுப் பொத்தான் மேல வெச்சேன். ஒரே ஈரம். கரண்டு ஓடற மிஷினாண்ட ஈரக்கையோட நிக்கிறியே, சாவப்போறியான்னு திட்டுனேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஆள் இல்ல.”

ஷிப்ட் முடிந்தால் எல்லோரும் கை கழுவுவார்கள். அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் கேன்டீனுக்குப் போய், இரண்டு பூசைகளையும் சொன்னேன். ஈரத்தைச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விவரத்தை நான் மறைத்தது அந்த ஒரு முறைதான். அவர் கேட்டுவிட்டு, “அப்ப எதுவும் முடிவாவல” என்றார். கொழுந்தனாருக்கு அங்கிருந்தே போன் போட்டு, “இந்த வருசமும் மாலை வோணாம். ஆமா, நாந்தான் சொல்றேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பக்கம் இன்னும் யாரோ பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

இணையக் கூட்டத்தில் அந்தக் கையைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் மேசைக்குக் குங்குமம் வைத்தது செவ்வாய்க்கிழமையா, அடுத்த வார வியாழக்கிழமையா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.