எங்கள் லெஃப்ட் விங்கர் வினு

வினு செத்துப்போய்விட்டான்.

நேற்று காலை சாலை பஜாரில், அரிசி லாரி பக்கத்தில் விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இன்று மலையில் அவன் ஊர் போனக்காட்டில் அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்தோம்...

இருபத்துமூன்று வயது. இதயம் என்கிறார்கள்.

எழுதும் நிலையில் இல்லை. ஆனால் எங்கள் பழைய ஃபுட்பால் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் ஒருவர் "போதை கேஸ்" என்று போட்டிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

அவன் லெஃப்ட் விங்கர், நான் ரைட் பேக். பிராக்டீஸில் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டியது என் வேலை. பெரும்பாலும் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். மலைச்சரிவில் ஓடி வளர்ந்த கால். பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினான் என்றால் எதிர் டீம்காரர்கள் பாதியில் நின்று இடுப்பில் கை வைத்துவிடுவார்கள்.

ஆனால் ஒல்லி. ஒரு பெரிய டீமின் செலக்‌ஷனுக்குப் போனபோது ஒருத்தன் தோளால் ஒரே இடி இடித்தான். வினு கோட்டுக்கு வெளியே போய் விழுந்தான்.

செலக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். "ஸ்பீடு உண்டு மோனே. பாடி இல்லா. அடுத்த வர்ஷம் வா."

திரும்பி வந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி... "எடா சங்கர், உடம்பு ஏத்த எவ்வளவு நாளாகும்?"

எங்கள் டிரெய்னர் ஷைனி மேடத்துக்கு அவசரமே கிடையாது. முதலில் ஸ்பிரிண்ட், கால் களைப்பதற்கு முன்னால். வெயிட் அதற்குப் பிறகுதான். நல்ல பாரம், குறைந்த தடவை, தூக்குவது வேகமாக, நடுவில் போதுமான ஓய்வு. சோறும் தூக்கமும் முன்பைவிட அதிகம்.

"கண்ணாடிக்கு வேண்டி உண்டாக்குற மசில் வேற, கிரவுண்டுக்கு வேண்டியது வேற, கேட்டோ? வெயிட் ஏறி ஓட்டம் ஸ்லோ ஆச்சுன்னா அன்னைக்கே நிறுத்திருவேன்." சொன்னதோடு விடவில்லை, வாராவாரம் ஸ்டாப்வாட்சோடு வந்து நிற்பார்.

என் அம்மா அவித்த முட்டையும் கொண்டைக்கடலையும் டிபனில் இரண்டு பங்காக வைப்பாள். "உன் கூட்டுக்காரனுக்கும் குடு மக்கா, எலும்பும் தோலுமா இருக்கான்."

அது பலித்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் தொடை இறுகியது, தோள் வந்தது, ஓட்டமும் அப்படியே இருந்தது. ஒருநாள் பிராக்டீஸில் வேண்டுமென்றே ஓடிப்போய் அவனை இடித்தேன். நான்தான் விழுந்தேன். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு...

அப்புறம் அவன் அப்பா மலையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. எழுந்து நடக்கவே இல்லை.

வினு சாலை பஜாரில் மூட்டை இறக்கப் போனான். விடியும் முன்னால் லாரி, சாயங்காலம் கிரவுண்ட்.

மேடம் அவனுக்கு ஜிம்மை நிறுத்தினார். "தின்னுறதெல்லாம் மூட்டைக்கே போகுதுடா. இதுக்கு மேல வெயிட் வேண்டாம். செலக்‌ஷன் இன்னொரு வர்ஷம் கழிச்சு பாக்கலாம்."

"வயசு தாண்டிரும் மேடம்" என்றான். உண்மைதான், அந்த வருஷத்தோடு அவன் வயது வரம்பு முடிந்தது.

எங்களுக்குச் சொல்லாமல் வேறொரு ஜிம்முக்குப் போயிருக்கிறான். அங்கே ஒருவன், உடம்பு சீக்கிரம் ஏறும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டான்.

ஏறியது. கழுத்து தடித்தது, டி-ஷர்ட்டில் கை பிதுங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "செம பாடி" என்றார்கள்.

கிரவுண்டில் முதல் தடவையாக அவனை ஓடிப் பிடித்தேன். பந்து அவனுக்கு முன்னால் உருள்கிறது, நான் அவனுக்குப் பக்கத்தில் ஓடுகிறேன்... எனக்கே பயமாக இருந்தது.

கேலரியில் வந்து உட்கார்ந்தவன், "தல ஓடுன்னு சொல்லுதுடா. காலு லேட்டா கேக்குது" என்றான்.

அடுத்த வாரம் தொடைத் தசை கிழிந்தது. செலக்‌ஷன் அதோடு போயிற்று.

மேடத்துக்கு அப்போதுதான் ஊசி விஷயம் தெரிந்தது. கத்தித் தீர்த்தார், அழுதார், கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டெஸ்ட் எடுத்த டாக்டர், இதயத் தசை தடித்திருக்கிறது, ஊசி கூடாது, பந்து கூடாது, பாரம் தூக்கவே கூடாது என்றார்.

ஊசியை அன்றே விட்டான். பந்தையும் விட்டான். மூட்டையை மட்டும் விட முடியவில்லை.

கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்தேன். ஆளைப் பார்த்ததும், "ஆஹா, இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றார்கள். மெடிக்கல் ரிப்போர்ட் கேட்டார்கள். வினு ஒளிக்காமல் கொடுத்தான். பிறகு கூப்பிடவே இல்லை.

"விடுடா, அவங்க மேல என்ன தப்பு" என்று என்னைச் சமாதானப்படுத்தியது அவன்தான்.

இதுதான் நடந்தது. "போதை கேஸ்" என்று எழுதியவர் தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். அவன் தங்கையும் அந்த குரூப்பில் இருக்கிறாள்.

இன்று அவன் வீட்டுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் ஆம்புலன்ஸ் ஏறவில்லை. தோளில்தான் கொண்டுபோனோம். வழியில் இறக்கி வைத்து ஆள் மாற்ற வேண்டியிருந்தது... அவ்வளவு கனம்.

அவன் அம்மா அழவில்லை. அவன் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தடவிக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டு ஒடம்பு இருக்கே சாமி... இதுக்குள்ள எங்கய்யா நோவு இருந்துச்சு?"

ஷைனி மேடம் எழுந்து மழையில் போய் நின்றுகொண்டார்.

போடா வினு... அடுத்த ஞாயிறு உன் அம்மாவைப் பார்க்க மேலே வருவேன்.