ஜூலைக் கணக்கில் ஒரு கார்

மாதம் பிறந்து இரண்டொரு நாளில் பேப்பரில் ஒரு செய்தி வரும். போன மாதம் நாட்டில் இத்தனை கார் விற்றது, அதற்கு முந்தின மாதத்தைவிட இவ்வளவு ஏற்றம், போன வருஷம் இதே மாதத்தைவிட இவ்வளவு இறக்கம் என்று. பக்கத்திலேயே நெட்டையும் குட்டையுமாகப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டிருப்பார்கள். டீக்கடையில் அந்தப் பக்கத்தை யாரும் சீண்டமாட்டார்கள். நான் படிப்பேன். தர்மபுரிக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு கார் ஷோரூமில் பதினோரு வருஷமாக எனக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேலை. விற்ற காருக்கு இன்ஷூரன்ஸ் போட்டு, வரி கட்டி, நம்பர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டங்களில் ஜூலைக்கு உண்டானதை மட்டும் இப்போதெல்லாம் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கார் விற்பதற்குத் தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது. தையில் விற்கும். மாங்காய் காய்த்த வருஷம் வைகாசி தேவலாம். தக்காளி விலை ஏறினால் எந்த மாதமானாலும் மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு பேராவது வந்து கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். விலை விழுந்துவிட்டால் அதே ஆட்கள் நம் போனை எடுக்கமாட்டார்கள். ஆயுத பூஜைக்கு ஷோரூமில் நிற்க இடம் இருக்காது. மார்கழியில் ஈ ஓட்டலாம். ஆடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் "பெருக்குக்கு வரங்க" என்பார்கள். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு மட்டும், ஒகேனக்கல் போய்த் தலை முழுகிவிட்டு நேராக வந்து வண்டி எடுக்கிற குடும்பங்கள் உண்டு.

கம்பெனிக்காரனுக்கு ஆடியும் தெரியாது, பெருக்கும் தெரியாது. அவனுக்கு ஜூலை முப்பத்தொன்றோடு மாதம் முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு அது ஆடி பதினைந்து. நடுவில் மூன்று நாள் இடிக்கிறது. பெருக்கன்று மாலையும் தேங்காயுமாக வந்து எடுத்துப்போகிற கார்களெல்லாம் ஆகஸ்ட் கணக்கில் ஏறிவிடும், ஜூலைக் கட்டம் குட்டையாகிவிடும். குட்டையானால் கம்பெனியிலிருந்து மேனேஜருக்குப் போன் வரும். மேனேஜர் எங்கள் மேல் விழுவார்.

போன வருஷம் ஜூலை கடைசி நாள், எங்களுக்குச் சொன்ன எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று குறைந்தது. பாப்பிரெட்டிப்பட்டி வாத்தியார் ஒருவர் முழுப் பணமும் கட்டிவிட்டுப் பெருக்குக்காகக் காத்திருந்தார். அவருக்குப் போன் போட்டேன்.

"வண்டிய பெருக்கன்னைக்கே எடுத்துக்குங்க சார். நம்பர் மட்டும் இன்னைக்குப் போட்டுடறோம்."

"நம்பர் விழற நாளுதாங்க வண்டி பொறந்த நாளு. மூணு நாள் பொறுத்தா குடியா முழுகிடும்?" என்று வைத்துவிட்டார்.

இப்படி ஒன்றிரண்டு குறையும்போது எங்கள் ஷோரூமில் ஒரு வேலை செய்வோம். அங்கே வேலை பார்க்கிற யாராவது ஒருவர் பேரில் காரைப் பதிந்துவிடுவோம். பதிந்தால் விற்ற கணக்கு. காகிதத்தில் அவர் முதலாளி, கார் மட்டும் எங்கள் கொட்டகையிலேயே நிற்கும். இரண்டு மாதம் கழித்து, ஓடாத செகண்ட் ஹேண்ட் என்று விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவோம்.

மேனேஜர் சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் மேஜைக்கே வந்து கேட்டார். "அண்ணே, உங்க பேர்ல போட்டுடலாங்களா? மத்தவங்க பேரெல்லாம் ஒரு ரவுண்டு வந்துடுச்சு."

"என் ஆதார்ல பேரு தப்பா இருக்குதுங்க. திருத்தக் குடுத்திருக்கறேன்" என்றேன்.

பச்சைப் பொய். என் பெண் கல்லூரியில் உதவித்தொகையில் படிக்கிறாள். அதற்கு வருஷாவருஷம் வருமானச் சான்று வாங்க வேண்டும். பேரில் புதுக் கார் இருந்தால் தாலுகா ஆபீஸில் ஏதாவது கேட்பார்களோ என்று எனக்குப் பயம். இந்தப் பயம் எனக்கு அன்றைக்கு இருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். பேரில் கார் இருந்தால் இல்லாதப்பட்டவர்களுக்கு எதெல்லாம் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா தரை துடைத்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். ஷோரூமைக் கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுப்பவர். வயதில் பெரியவர் சின்னவர் எல்லாருக்குமே அவர் அக்காதான். மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி.

"அக்கா பேர்ல போட்டுக்கலாமே" என்று சொன்னது நான்தான்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் பேர்ல காருங்களா? எங்க வூட்டுச் சந்துல சைக்கிளே தள்ளிக்கிட்டுத்தான் போவணும்." ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மேனேஜர் கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற இடத்தில் அவர் இல்லை. அந்த இடத்தில் இருந்த நான் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவர் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தார். நான் தட்டினேன்.

டெலிவரி போட்டோவும் வேண்டும் என்பது கம்பெனி விதி. அக்காவின் நீலக் கோட்டைக் கழற்றச் சொன்னோம். உள்ளே அன்றைக்குப் பார்த்து நல்ல சேலை. காருக்கு மாலை போட்டு, பக்கத்தில் நிறுத்தி, முழங்கை நீளத்துக்குத் தெர்மாகோலில் செய்த சாவியைக் கையில் கொடுத்தோம். முதலில் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். பிறகு, அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. கார் வாங்குகிறவர்களுக்கு அந்தப் படத்தை ஃபிரேம் போட்டுக் கொடுப்பது வழக்கம். அக்காவுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தேன், ஏதோ பெரிய தர்மம் செய்த மாதிரி. கல்யாணத்துக்கு அப்புறம் தன்னைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை என்று சொல்லி, முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் பிறந்ததும் பேப்பரில் செய்தி வந்தது. ஜூலையில் விற்பனை லேசாக ஏறியிருந்தது. "அந்த ஏத்தத்துல நம்ம அக்காவும் ஒரு ஆளு" என்று மேனேஜரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு முன்பு அந்தக் காரை ஓசூர் புரோக்கர் ஒருவர் எடுத்துப்போனார். பெயர் மாற்றும் ஃபாரங்களில் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அதைப் புரோக்கர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டியவன் நான். ஆயுத பூஜைக் கூட்டம், தீபாவளிக் கூட்டம், மறந்தே போனேன்.

கார்த்திகையில் ஒரு நாள், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், அந்தக் காரு இப்ப எங்கீங்க இருக்குது?"

அதற்குப் பிறகு விவரம் சொன்னார். அவர் ஊரில் அரசாங்கத் தொகுப்பு வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆறு வருஷமாக எழுதிக் கொடுத்து, இந்த முறை பட்டியலில் பேர் வந்திருந்தது. இருப்பது மண்சுவரும், நடுவில் விரிந்துபோன சிமெண்ட் ஷீட்டும். மழை வந்தால் பெண்ணின் புத்தகங்களைத் தண்ணீர் டிரம்மில் போட்டு மூடிவைப்பார்களாம். ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வீட்டைப் பார்த்துப் படம் எடுக்க வந்திருக்கிறார். சுவரில் அந்த ஃபிரேம் மாட்டியிருந்தது.

"அவரு தப்பா ஒண்ணும் பேசலீங்க. 'இத்தாம்பெரிய சாவியக் கையில வெச்சுக்கிட்டு தொகுப்பு வூடு கேக்கறீங்களேம்மா'ன்னு சிரிச்சாருங்க. எங்க கம்பெனியில சும்மா எடுத்ததுன்னு சொன்னேன். அப்பறம் போன்ல என் பேரப் போட்டுப் பாத்தாரு. சிரிப்பு நின்னுபோச்சுங்க."

நாலு சக்கர வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வீடு கிடையாது. விதி அப்படி. ஓவர்சியர் மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை, அவர் பார்த்ததைத்தான் எழுதினார். குற்றமெல்லாம் என் மேஜையில் நடந்தது.

அன்றிலிருந்து அந்தக் காரைத் தேடினேன். ஓசூர் புரோக்கர் அதை எல்லை தாண்டி ஆனேக்கல்லில் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு நாலு வார்த்தை தமிழும் எனக்கு நாலு வார்த்தை கன்னடமும் தெரிந்ததில், "நாளெ மாடிஸ்தீனி" என்பதை மட்டும் நாற்பது தடவை கேட்டிருப்பேன். நாளைக்குச் செய்துவிடுகிறேன் என்று அர்த்தம். லீவு போட்டு நேரில் போய் உட்கார்ந்தேன். மாசி கடைசியில்தான் பெயர் மாறியது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவோடு அவர் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன்.

பஞ்சாயத்து கிளார்க் நல்ல மனுஷர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "இவங்க எடத்துல அடுத்த ஆளுக்குக் குடுத்து, அங்க கடைக்காலே போட்டாச்சுங்களே" என்றார். "அடுத்த லிஸ்ட்டு எப்ப வருதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

திரும்பும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஃபிரேமைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். தூக்கிப் போட மனசு வரவில்லையாம். "காரு தெரியாம என்ன மட்டும் தனியாப் போட்டுத் தர முடியுங்களா சார்?" என்று கேட்டார். தர்மபுரியில் ஸ்டுடியோவில் கொடுத்துச் செய்து தந்தேன். காரும் இல்லை, சாவியும் இல்லை. எதற்கென்று தெரியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அக்கா நிற்கிறார். அதைத்தான் இப்போது மாட்டியிருக்கிறார்.

இந்த வருஷமும் ஜூலை முப்பத்தொன்று வந்தது, ஒன்று குறைந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் பேரைச் சொன்னார். டீ கொண்டுவந்த அக்கா தட்டை வைத்துவிட்டு நகரவில்லை.

"அவரும் வூட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கறாருங்க சார். என் பேர்லயே போட்டுக்குங்க. எனக்குத்தான் போயிடுச்சே. இன்னொருத்தரு வூடும் எதுக்குங்க போவணும்."

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நல்ல யோசனை ஒன்று சொன்னவரைப் போலத்தான் நின்றிருந்தார். அவருடைய ஆதார் நகல் என் மேஜை டிராயரில் போன வருஷத்திலிருந்தே கிடந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"என் பேர்ல போடுங்க" என்றேன்.

"ஆதார் திருத்தி வந்துடுச்சுங்களாண்ணே?"

"வந்துடுச்சு."

என் பேரில் கார் ஏறியது. தெர்மாகோல் சாவியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். அப்புறம் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். தண்டனை என்று ஒன்று வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. வருமானச் சான்றுக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள், காரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சான்று கிடைத்தது. பெண்ணுக்கு உதவித்தொகை எப்போதும் போல வந்தது. ஆயுத பூஜைக்கு முன்பு கார் விற்றுப்போனது, இந்த முறை நானே உடன் போய்ப் பெயரை மாற்றிவிட்டு வந்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. போன வருஷமே என் பேரைக் கொடுத்திருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் பெய்தபோது, ஒரு காலையில் அக்கா நேரம் கழித்து வந்தார். சேலை முழங்கால் வரை சேறு. ஷீட்டுக்கு மேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் போய்விட்டதாம், பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் தலையைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுக்கொண்டேன். துடைத்துக்கொண்டே வந்தவர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"உங்க பொண்ணுக்குப் படிப்புப் பணம் வந்துடுச்சுங்களா சார்?"

"வந்துடுச்சுக்கா."

"நல்லதுங்க. உங்க பேர்ல காரு இருந்துச்சே, நிறுத்திப்போடுவாங்களோன்னு எனக்கு மூணு மாசமா அதே யோசனைங்க" என்றார். பிறகு நாற்காலிக்கு அடியில் துடைக்க வேண்டும், காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள் என்றார்.