நிபியாவின் மஞ்சள் நாற்றுகள்

சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் கழித்துவிட்டால், நிபியாவின் பெயரில் ஒரு காகிதம் வந்தது அவளுடைய அறுபத்து மூன்றாவது வயதில்தான். தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்று, விரல் ரேகை பதித்து வாங்கிவந்தாள். வீட்டில் ஆறு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு. மற்றபடி மின்சார பில் அவள் தம்பி வில்மார் பெயரில் வரும். தண்ணீர் பில்லும் அப்படியே. அது அவர்கள் அம்மா கட்டிய வீடு. அம்மா போனபோது, "காகித வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வில்மார் சொன்னான். பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நான் எலிடா, பக்கத்து வீட்டுக்காரி. தலைநகர் மோந்தேவிதேயோவின் செர்ரோ மேட்டில் எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். எங்கள் இரண்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அவர்கள் வீட்டுச் சண்டைக்கு யாரும் என்னைத் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை.

நிபியா பதினைந்து வயதில் கோழி உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். பிறகு முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகள் துவைத்தாள். ஒருவன் இருந்தான். ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போனான், இரண்டு கடிதம் போட்டான், அதோடு சரி. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு எல்லாம் செய்தது அவள். வில்மாரின் இரண்டு பெண்களையும் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவள். அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் "நிபியா இருக்காளே" என்பதுதான் பதில். கேட்டுக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"நீ சிகரெட்டே பிடிச்சதில்லையேடி, உனக்கு எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன? சட்டம் எனக்குன்னு ஆறு செடி குடுத்திருக்கு. வேணாம்னு திருப்பிக் குடுக்க நான் என்ன பைத்தியமா?"

மிட்டாய்க் கடையில் பாலினிப்பு தீர்ந்துபோன பிளாஸ்டிக் வாளிகள் ஆறு கேட்டு வாங்கினாள். மாடியின் வடக்கு மூலையில், எங்கள் ஊரில் வெயில் நாள் முழுக்க நிற்கும் பக்கத்தில், ஐந்தை வரிசையாக வைத்தாள். ஆறாவதற்கு இடம் போதவில்லை. அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் திணித்தாள்.

வில்மார் மேலே வந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், இன்னும் எல்லோரையும் பயணிகளாகவே நினைப்பவன்.

"அந்த மூலைல நான் கறி சுடற அடுப்பு கட்டப் போறேன். கிறிஸ்துமஸுக்கு இங்கதான் கறி."

"யாரைக் கேட்டு?"

"என் மாடில அடுப்பு கட்ட யாரைக் கேக்கணும்? இந்தா பாரு, நிபியா, உனக்கு ஒரு பார்ஸ்லிக் கீரை கூட வளக்க வராது. பந்தயம் வச்சிக்கலாமா? டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமை ஆறுல நாலு முழங்கால் உயரத்துக்கு நின்னா மூலை உனக்கு. இல்லன்னா அடுப்புக்கு."

"வச்சிக்கோ," என்றாள். கைகுலுக்கினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற நான் சாட்சி.

அந்த மூலைக்காக அவள் அவ்வளவு தவித்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் இடம், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்ட முதல் இடம் அது.

அக்டோபரில் ஆறு விதையும் முளைத்தன. மூன்றாவது வாரம் வரிசையில் இருந்தவை மஞ்சளாகத் தொடங்கின. முதலில் அடியிலைகள் வெளுத்தன, பிறகு தண்டு ஊதா நிறமானது, பிறகு புது இலைகள்கூட எலுமிச்சைத் தோல் போல வந்தன. வளர்ச்சி நின்றுவிட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லை.

தெருவே வைத்தியம் பார்க்க வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் வருகிறார் என்றால் அவருடைய மாத்தேத் தேநீரும் வருகிறது. கையில் இலைத்தூள் அடைத்த குடுவையும் உறிஞ்சுகுழலும், அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்கும் இல்லாமல் யாரும் படி ஏற மாட்டார்கள்.

இரும்புக்கடை அல்சிதெஸ் குழலை உறிஞ்சியபடியே குனிந்து பார்த்தார். "இரும்புச் சத்து இல்லம்மா. துருப்பிடிச்ச ஆணி நாலு குத்தி வை." குத்தினாள். ஒரு மாற்றமும் இல்லை. அவரே மறுபடி வந்து குதிரைச் சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். இலை நுனிகள் கருகின. வெயில்தான் காரணம் என்றேன் நான். என் பேச்சைக் கேட்டு ஐந்து வாளியையும் துணிக்கொடியின் நிழலுக்கு நகர்த்தினாள். நான்கே நாளில் எல்லாம் துவண்டன, மறுபடி மூலைக்கே கொண்டுவந்தாள். அந்தப் பாவம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

"உன்னைப் பாத்துப் பயந்து வெளுத்திருக்கும்," என்றான் வில்மார். தினமும் மாலையில் வந்து, மாத்தே குடித்து முடித்து, சிரித்துவிட்டுப் போவான். ஒருநாள் செங்கற்களும் வந்து இறங்கின.

அன்று நிபியா அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். "முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க அழுக்கை வெளுத்தேன், எலிடா. எனக்குன்னு ஆறு பச்சை இலை வரக்கூடாதா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றப் போனாள்; எப்போதும் கையை மட்டும் நீட்டி ஊற்றுபவள், அன்று உள்ளே குனிந்து பார்த்து, "இங்க வா" என்று கத்தினாள். சுவரேறிக் குதித்தேன். அந்தச் சந்தில், வெயில் பாதி நேரமே எட்டிப் பார்க்கும் இடத்தில், ஆறாவது நாற்று கரும்பச்சையாக நின்றது.

"அதே விதை, அதே மண்ணு, அதே தண்ணி," என்றாள். "இதுக்கு மட்டும் ஆணியும் குத்தல, சாணியும் ஊத்தல. ஆனா மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே மஞ்சளாயிடுச்சே."

அதன் மண்ணை விரலால் குத்திப் பார்த்தாள். பிறகு வரிசைக்குப் போய், இருப்பதிலேயே மோசமான வாளியைத் தூக்கி அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

"ஏய், செத்துடும்டி!"

"செத்துக்கிட்டுதான் இருக்கு. அடியில என்னன்னு பாக்கணும்."

மண் கூழாகக் கொட்டியது. வேர் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வந்தது. நிபியா குனிந்து முகர்ந்தாள். "தெரியும் இந்த நாத்தம். ஈர விரிப்பைக் குவியலா ரெண்டு நாள் போட்டுவச்சா வருமே, அதேதான். புளிச்சிப்போய் மஞ்சளாயிடும். சத்துக் குறைச்சல் இல்ல எலிடா, மூச்சு முட்டிப்போச்சு."

மண்ணின் மேல்பாதியைக் கையால் பிரித்தாள். மண் எங்கே இருந்தது? நான்கு விரல் கனத்துக்கு மாத்தேச் சக்கை, அடைபோல் இறுகிக் கிடந்தது. அதன் தூள் இறங்கி அடித்துளைகளையும் அடைத்திருந்தது. குடித்த சக்கையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை, கண்ணில் படும் முதல் தொட்டியில் தட்டுவோம். ரோஜாவுக்கு நல்லது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். வைத்தியம் சொல்ல வந்த ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் குடுவையை வாளியில்தான் கவிழ்த்திருந்தோம். அல்சிதெஸ் கவிழ்த்தார். நானும் கவிழ்த்தேன். வில்மார் தினமும் கவிழ்த்தான். நிபியாவும்தான், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சந்துக்குள் மட்டும் பிளாஸ்க்கோடு யாராலும் நுழைய முடியவில்லை.

"மேல இருந்து பாத்துப் பாத்தே எல்லாரும் வைத்தியம் சொன்னோம்," என்றாள். "நோவைக் குடுத்ததும் நாமதான்."

அன்று முதல் மாடிப்படி வாசலில் ஒரு முக்காலி. மாத்தேயை அதில் வைத்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். இந்த ஊரில் அப்படிச் சொல்வது, செருப்போடு சேர்த்துக் காலையும் கழற்றி வைக்கச் சொல்வது போல. அல்சிதெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"என் வீட்டு மாடிக்கு நான் மாத்தே எடுத்துட்டு வரக் கூடாதா?" என்று வில்மார் எகிறினான்.

"கூடாது."

"உனக்கு என்னடி ஆச்சு?"

"வேரு அழுகிப் போச்சு. இப்ப அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மீதி நான்கையும் பிடுங்கி வேரைக் கழுவினாள். திருப்புளியைக் காய்ச்சி வாளிகளில் பெரிய துளைகள் போட்டாள். ஆற்றுமணல் கலந்த புதுமண் நிரப்பி, அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி வைத்தாள். விரலை இரண்டாம் கணு வரை விட்டு, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். இரண்டு நாற்றுகள் பிழைக்கவில்லை. இரண்டு பத்து நாள் யோசித்துவிட்டு நடுவிலிருந்து பச்சை விட்டன. பழைய மஞ்சள் இலைகள் கடைசிவரை திரும்பவில்லை, உதிர்ந்தன. புதியவைதான் கணக்கு.

தொட்டிக்குப் பின்னால் நின்றதையும் சேர்த்து மூன்று. நான்கு வேண்டும்.

"செடி வளக்கற சங்கத்துல எனக்கு ஆள் தெரியும்," என்றேன். "ஒண்ணு வாங்கி வச்சிடலாம். அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"என் பேர்ல இருக்கிற ஒரே சீட்டு அது. அதுலயும் திருட்டுத்தனமா?" என்று முறைத்தாள். அதற்கு அடுத்த வாரம் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை எங்கோ போய்வந்தாள். எங்கே என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. வில்மார் செங்கற்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, பயணிகளை எண்ணுவது போல விரல் நீட்டி எண்ணினான். மூன்றும் முழங்காலைத் தாண்டி நின்றன.

"மூணு. நாலு இல்ல. பந்தயம்னா பந்தயம்."

"ஆமா, தோத்துட்டேன்," என்றாள் நிபியா. "அடுப்புக்கு எவ்வளவு அகலம் வேணும்?"

"ஒன்றரை மீட்டர்."

"எடுத்துக்கோ. ஒரு சாண் கூடத் தாண்டக் கூடாது." சொல்லிவிட்டு முதல் வாளியின் காதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

"எங்க இழுத்துட்டுப் போற?"

"நடு மாடிக்கு. அங்கதான் வெயில் இன்னும் நல்லா விழுது."

"நடு மாடியை உனக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்க வேண்டாம். நாம பந்தயம் கட்டினது மூலைக்கு மட்டும்தான்." நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நோட்டரியைப் போய்ப் பாத்தேன், வில்மார். பதினெட்டு வருஷமா நீ ஒரு காகிதமும் குடுக்கவே இல்லையாமே. வீடு இன்னும் அம்மா பேர்லயே இருக்காம். அம்மாவுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேருன்னு அவர்கிட்ட சொன்னேன். செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கார். நல்ல சட்டையா போட்டுக்கோ."

வில்மார் கையில் பிடித்திருந்த செங்கல்லைக் கீழே வைக்கவும் இல்லை, மூலைக்குக் கொண்டு போகவும் இல்லை. நான் சுவரைத் தாண்டிக் குதித்து, வாளியின் இன்னொரு காதைப் பிடித்தேன்.