தவமலர் கண்டுபிடித்த வட்டம்

டேனிஷ் நகரமான விபோர்க்கில், முதியோர் இல்லங்களின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் நிறுவனமொன்றில் தவமலர் பன்னிரண்டு வருடம் அயர்ன் மெஷினில் நின்றவர். தோள்மூட்டு தேய்ந்தபிறகு கொமூன, அதாவது நகரசபை, ஒரு கணினி வகுப்புக்கு அனுப்பியது. ஐம்பது வயதில் அதை முடித்து, அதே கட்டிடத்தின் மேல்மாடியில் கந்தோர் வேலைக்கு ஏறினார்.

தரவுத்தளத்திலிருந்து பட்டியல் எடுப்பதுதான் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அட்டவணைகளைத் திரையில் பெட்டிகளாக வைத்துக் கோடு போட்டு இணைத்தால், தரவுத்தளத்திடம் கேட்கவேண்டிய கேள்வியை அதுவே எழுதிவிடும்.

மாசி மாதம், உடுப்புகள் காணாமல் போவதாக ஓர் இல்லத்திலிருந்து முறைப்பாடு வந்தது. தவமலர் ஆள், உடுப்பு, தோய்ச்சல், வான், இல்லம் என்று ஐந்து பெட்டிகளை வைத்தார். கடைசிக் கோட்டை இழுத்ததும் மென்பொருள் சத்தமில்லாமல் விழுந்து மூடிக்கொண்டது. ஏழு தரம் முயன்றார். ஏழு தரமும் அதே கதை.

மென்பொருள் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஹ்விடோவ்ரே ஊரிலிருந்து ஒரு பெண் டேனிஷில் பொறுமையாகக் கதைத்தாள். கேள்வி பெரிதாகிவிட்டது, பெட்டிகளைக் குறைத்துப் பாருங்கள் என்றாள். தவமலருக்கு அது சரியாகப் படவில்லை. ஒலிபெருக்கியில் அவளை வைத்துக்கொண்டே, வேறு எட்டுப் பெட்டிகளை வரிசையாக இணைத்துப் பார்த்தார். மென்பொருள் விழாமல் நின்றது.

"அட, எட்டுக்கும் விழேல்லையே, சனியன்!" என்று வாய்தவறித் தமிழில் சொல்லிவிட்டார்.

 மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"அன்ரி, நீங்கள் தமிழோ?"

"ஓம் பிள்ளை! நீர் ஆர்?"

"நிறோஷினி. நாங்கள் ஏன் அரை மணித்தியாலமா டேனிஷில கதைச்சனாங்கள்?"

அதற்குப் பிறகு வேலை இரு மொழியிலும் ஓடியது. தவமலர் ஒரு கடதாசியில் பெட்டிகளைக் கீறிப் பார்த்தார். இல்லத்தில் தொடங்கிய கோடு ஆள், உடுப்பு, தோய்ச்சல், வான் என்று போய், திரும்ப இல்லத்திலேயே முடிந்தது.

"பிள்ளை, இது வட்டம். உங்கட சாமான் எங்க நிக்கிறதெண்டு தெரியாமல் சுத்துது போல."

நிறோஷினி தன் கணினியில் மூன்று பெட்டிகளை மட்டும் வட்டமாக இணைத்தாள்.

"விழுந்திட்டுது! அன்ரி, எனக்கும் விழுந்திட்டுது!" என்று பரிசு விழுந்ததுபோல் கத்தினாள்.

தவமலர் கடைசிக் கோட்டை அழித்தார். உடுப்பு போன இல்லமும் ஆள் இருக்கிற இல்லமும் வேறாக இருந்தால் காட்டு என்று கீழே நிபந்தனை எழுதினார். பட்டியல் வந்தது: அறுபத்துமூன்று உடுப்புகள், எல்லாம் வியாழக்கிழமை வானில் பக்கத்துப் பக்கத்து இரண்டு இல்லங்களுக்கு மாறிப் போனவை. அந்த இல்லங்களின் இரண்டு தள்ளுவண்டிகள் வாராவாரம் மாறி ஏறியிருந்தன. அடுத்த நாளே உடுப்புகள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. முகாமையாளர் கேக் வாங்கி வந்தார்.

மூன்று வாரத்தில் மென்பொருளும் திருத்தப்பட்டது. அதன் பின் ஒரு மத்தியானம் நிறோஷினியே அழைத்தாள்.

"அன்ரி, ஓர்ஹூஸில ஒருத்தருக்கு வேற மாதிரி விழுது. ஒருக்காப் பாக்கிறீங்களோ?"

"சோத்துப் பெட்டியைத் திறந்திட்டன் பிள்ளை. சாப்பிட்டிட்டு வாறன்," என்றார் தவமலர். ஆனால் கை அதற்குள் பென்சிலைத் தேடத் தொடங்கியிருந்தது.